ஈசல், அத்தி, முட்டைச் சுவர்: ஆச்சி வீட்டு முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார், எதற்காக?

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் எங்களுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சி வீட்டு முகப்பில் ஆறேழு பேர் கூடுவோம். ஒருவர் கொத்தனார், ஒருத்தி பள்ளியில் அறிவியல் டீச்சர், ஒருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், மற்றவர்கள் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு வந்துபோகிறவர்கள். ஆளுக்கு ஓர் ஆச்சரியமான விஷயம் கொண்டுவர வேண்டும், அதுதான் எங்கள் விளையாட்டு. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ஆச்சி "ஏன்?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று சொன்னால் மட்டும் போதாது. இரண்டு இதயம் ரத்தத்தைச் செவுள்களுக்குத் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்குத் தள்ளுகிறது, ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நிறமும் நீலம் என்று முழுசாகச் சொன்னால்தான் கணக்கில் சேரும். இன்னொன்று, எங்கோ இருக்கிற ஆக்டோபஸைவிட இங்கேயே கண்ணால் பார்க்க முடிகிற விஷயத்துக்கு எங்களிடம் மவுசு அதிகம்.

ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுளா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்பதுதான் பதில், ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது நன்றாகவே புரிகிறது. முதல் மழை பெய்த மறுநாள் தெருவிளக்குக் கீழே பார்த்தால் இறக்கை குவிந்து கிடக்கும், பல்லி, தவளை, கோழி, காக்கை எல்லாம் வயிறு முட்டத் தின்னும், நம் ஊர்களில் பிடித்து வறுத்துப் பொரியோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. நூற்றில் ஒன்றிரண்டாவது தப்புமா என்பதே சந்தேகம். பார்ப்பவர்கள் ஒரு நாள் ஆயுள் என்று முடிவுகட்டியதில் என்ன தப்பு?

ஆனால் ஈசல் தனிப் பூச்சியே இல்லை. கறையான் புற்றிலிருந்து கல்யாணத்துக்குப் புறப்பட்ட இளவரசனும் இளவரசியும்தான் அது. தரையில் இறங்கியதும் இறக்கையைத் தானே உதிர்த்துவிடும். போன ஐப்பசியில் ஒரு மழைக்கு அப்புறம் டார்ச் அடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். இறக்கை போன பெட்டை முன்னால் ஓடுகிறது, ஆண் அதன் வாலை முட்டிக்கொண்டே பின்னால் ஓடுகிறது, இரண்டும் ரயில் பெட்டி மாதிரி சேர்ந்தே திரும்புகின்றன. கல்லிடுக்கில் ஈர மண் தட்டுப்பட்டதும் இரண்டும் சேர்ந்து தோண்ட ஆரம்பித்தன. அப்படி உள்ளே போகிற ஜோடி பிழைத்துக்கொண்டால் அதுதான் ஒரு புதுப் புற்றின் ராஜா ராணி, ராணி பல வருஷம் உயிரோடு இருந்து நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தேனீயிலும் எறும்பிலும் ஆணின் வேலை கலவியோடு முடிந்து செத்துவிடுகிறது, கறையானில் ராஜா கடைசி வரை ராணியோடுதான் இருக்கும். ஒரு நாள் வாழ்க்கை என்று யாரைச் சொன்னோமோ அந்தக் கூட்டத்தில்தான் இத்தனை நீண்ட குடித்தனம் நடக்கிறது.

கறையான் எறும்பு ஜாதியா?

வெள்ளை எறும்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கரப்பான்பூச்சி வம்சம். எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவு.

கறையான் விவசாயம் செய்கிறது என்பது நிஜமா?

நிஜம். நம் பக்கத்துப் புற்றுக் கறையான்களில் பல வகை இதைச் செய்கின்றன. காய்ந்த இலை, சுள்ளி, புல் எல்லாவற்றையும் தின்று, கழிவைக் கொண்டு உள்ளே தேன்கூடு மாதிரி பாத்தி கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைத் தின்னும். மழைக்குப் பின் புற்றைச் சுற்றிக் குடை விரிக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து மேலே வருவதுதான், அதனால்தான் எல்லா இடத்திலும் முளைக்காமல் புற்று இருக்கும் இடமாகப் பார்த்து முளைக்கிறது. மனிதர் விவசாயத்துக்கு வந்து பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம் இருக்கும். கறையான் சுமார் 3 கோடி வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது. இதைச் சொன்ன அன்றைக்கு ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அப்ப நாமதான் அதுகிட்டக் கத்துக்கிட்டிருக்கணும்" என்றார்கள்.

பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றினால் பாம்பு குடிக்குமா?

முதலில், பாம்பு புற்று கட்டாது. "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல" என்ற பழமொழியிலேயே விஷயம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாது, எலியும் வரும், பாம்புக்கு வேறு என்ன வேண்டும்? பால் அதன் சாப்பாடு இல்லை, பாலைச் செரிக்கும்படி அதன் குடல் அமையவில்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் தவிக்க வைத்தால் எந்தத் திரவத்தையும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பலரும் நம்பிவிட்டார்கள். கும்பிடுகிறவர்களின் மனசை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. பாம்பின் மேல் மரியாதை இருந்தால் எலி பிடிக்க விட்டுவிடுவதுதான் அதற்குப் பிடித்த படையல்.

மகுடிக்கு ஆடுமா என்பது இதன் வால்பிடித்து வரும் கேள்வி. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் செவிடு இல்லை. உட்காது தாடை எலும்போடு இணைந்திருப்பதால் தரை அதிர்வும் தாழ்ந்த ஒலிகளும் அதற்குத் தெரியும். மகுடி முன்னால் அது ஆடுவது ராகத்துக்கு இல்லை, கண்ணெதிரே அசைகிற குழலைப் பார்த்துக் குறிவைத்துக்கொண்டிருக்கிறது.

மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலையா?

ஒரு தலைதான். வாலும் தலை மாதிரியே மொழுக்கென்று இருக்கும், ஆபத்து வந்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துவிட்டு வாலைக் காட்டும். விஷம் கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும். லட்சக்கணக்கில் விலை போகும், அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அரணை கடித்தால் மரணமா?

எதுகை அழகாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அரணைக்கு விஷமே கிடையாது. தோட்டத்துப் பூச்சியைத் தின்றுகொண்டு பளபளவென்று ஓடுகிற சாது. இந்த ஒரு வரியை நம்பி எத்தனை அரணையை அடித்துக் கொன்றிருப்போம் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வீட்டுப் பல்லிக்கும் விஷம் இல்லை. ஆனால் பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டிவிடுவதுதான் சரி, ஏனென்றால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி பல்லியின் குடலில் இருக்கலாம். காரணம் வேறு, செய்கிற காரியம் சரி. அப்புறம், பல்லி கண்ணாடியில்கூட நடப்பது பசையாலும் இல்லை, உறிஞ்சிப் பிடிப்பதாலும் இல்லை. பாதத்தில் லட்சக்கணக்கான மெல்லிய மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்திருக்கும். அவ்வளவு நுனியும் சுவரை ஒட்டும்போது மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கிற சின்ன ஈர்ப்பு விசை ஒன்றுசேர்ந்து உடம்பையே தாங்கிவிடும். கண்ணிமை இல்லாததால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் நீங்களும் பார்க்கலாம்.

அத்தி பூக்கவே பூக்காதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எப்போதாவது வருகிற சொந்தக்காரரை "அத்தி பூத்தாப்ல வந்திருக்கீங்க" என்போம். அத்தியோ வருஷத்தில் பல தடவை பூக்கும், அதுவும் ஆயிரக்கணக்கில். நாம் காய் என்று நினைக்கிறோமே, அதுதான் பூங்கொத்து. ஒரு கொத்தை உறை மாதிரி உள்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் பூவெல்லாம் உள்ளே இருக்கும். ஊருணிக் கரையில் இருக்கிற அத்தி மரத்தின் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது, ஒன்றைப் பறித்து பிளேடால் இரண்டாக வகுந்தோம். உள்சுவர் முழுக்க வெளிர் சிவப்பில் ஊசிமுனை அளவு பூக்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. டீச்சர் லென்ஸைக் கொடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பூச்சி நடந்து வந்து, பிளேடின் விளிம்பில் நின்று, இறக்கையை உதறிவிட்டுப் பறந்தது.

அதுதான் அத்திக்குளவி. கதையே அதைச் சுற்றித்தான். மகரந்தம் சுமந்து வரும் பெட்டைக் குளவி காயின் நுனியில் இருக்கிற ஒரு பொடித் துளை வழியாக நெருக்கியடித்து நுழையும். நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும், திரும்ப வர வழியில்லை. உள்ளே சில பூக்களில் முட்டையிடும், மற்றப் பூக்களுக்கு மகரந்தம் கொடுக்கும், அங்கேயே இறந்துபோகும். குஞ்சுகளில் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. அவை பெட்டைகளோடு கூடி, வெளியே போக ஒரு துளை குடைந்து கொடுத்துவிட்டுச் சாகும், வெளியுலகைப் பார்க்காத வாழ்க்கை. பெட்டைகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்தத் துளை வழியாக அடுத்த மரம் தேடிப் பறக்கும். அத்தி, ஆல், அரசு என்று ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளவி இனம் உண்டு. குளவி இல்லாவிட்டால் மரத்துக்கு விதை இல்லை, மரம் இல்லாவிட்டால் குளவிக்கு வீடு இல்லை.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று இன்னொரு பழமொழி இருக்கிறதே, கவனித்தீர்களா? ஒரு பழமொழி பூவைக் காணோம் என்கிறது, இன்னொன்று பழத்துக்குள் பூச்சி என்கிறது. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். பூ உள்ளே இருப்பதால்தான் பூச்சியும் உள்ளே போகிறது. நடுவில் இருக்கிற ஒரு கண்ணி மட்டும் நம்மவர்கள் கண்ணுக்குச் சிக்கவில்லை, அதற்கு ஒரு லென்ஸ் தேவைப்பட்டது.

தேங்காய்ப்பூவும் பூதானா?

இல்லை. ரோட்டோரத்தில் விற்கிற அந்த வெள்ளைப் பஞ்சு உருண்டை, முளைவிட்ட தேங்காயில் குருத்து சாப்பிடுவதற்காக வளர்க்கிற உறுப்பு. ஓட்டுக்குள் பருத்துப் பருத்துத் தேங்காய்ப் பருப்பையும் தண்ணீரையும் உறிஞ்சி முளைக்கு ஊட்டும். ஓட்டில் மூன்று கண் இருந்தாலும் முளை வருவது ஒரு கண் வழியாகத்தான், மற்ற இரண்டும் கெட்டியாக மூடியிருக்கும். எது மெத்தென்று இருக்கிறதோ அதுதான் முளைக்கண், விரலால் அழுத்தினாலே தெரியும்.

செட்டிநாட்டுச் சுவரில் முட்டை கலந்தது உண்மையா? எதற்காக?

உண்மை. கொத்தனார் நண்பர்தான் இதற்கு எப்போதும் பதில் சொல்வார், அவர் சொன்னதோடு டீச்சர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போய்விடும். 100 கிலோ சுத்தமான கல்லுக்கு 44 கிலோ வாயுவாகப் பறந்துபோய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி நீற்றினால் கொதகொதவென்று கொதிக்கும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். மேல்பரப்பில் ஆரம்பித்து உள்ளே போகப் போக மாதங்கள், கனமான சுவரென்றால் வருஷங்கள்கூட ஆகும். அதாவது ஆச்சி வீட்டுச் சுவரில் நாங்கள் சாய்ந்திருப்பது பூச்சு இல்லை, கல்லைச் சுட்டுக் குழைத்துத் தடவித் திரும்பக் கல்லாக்கியது. அந்த வீட்டில் நாலு தலைமுறை மூச்சுவிட்ட காற்றும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்று டீச்சர் சொன்னாள். அன்றிலிருந்து அந்தச் சுவரைத் தொடும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, முட்டை எதற்கு? கடைசிப் பூச்சில்தான் அதன் வேலை. முட்டை வெள்ளைக்கரு புரதம், நைசாக அரைத்த சுண்ணாம்போடு சேரும்போது பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு மாதிரி ஏறும். அடிப்பூச்சுக் கலவையில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்ப்பார்கள். இதை அரக்கப்பரக்கச் செய்ய முடியாது என்று கொத்தனார் நண்பர் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஏக்கம் இருக்கும். இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் சிலர் சுண்ணாம்பின் மேல் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சே பெயர்ந்து வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவார்களா?

சுடுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வாங்கியது. தண்ணீருக்குள் போட்டால் எப்படி இறுகும் என்று கேட்பீர்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் கான்கிரீட் போட்ட தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம், சீக்கிரம் காய்ந்துவிட்டால் வலுவே வராது. சுண்ணாம்புக்குக் காற்று வேண்டும், சிமெண்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

துருப்பிடித்த இரும்பு கனம் குறையுமா, கூடுமா?

கூடும். இந்தக் கேள்விக்கு முகப்பில் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். துரு என்பது இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிச் சேர்த்துக்கொள்வது. 56 கிராம் இரும்பு முழுசாகத் துருவானால், ஈரத்தைச் சேர்க்காமலே 80 கிராம் ஆகும். உதிர்ந்து கொட்டுவதால் நமக்குக் குறைவதாகத் தெரிகிறது. துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, சிக்ரி என்று நாம் கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். அந்த வாசலைத் தாண்டிப் பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது?

மஞ்சளில் இருக்கிற நிறப்பொருள் காரத்தன்மை உள்ள பொருளைத் தொட்டால் சிவந்துவிடும், சுண்ணாம்பு அப்படிப்பட்டது. அந்தச் சிவந்த தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், திரும்ப மஞ்சளாகிவிடும்.

இதே வித்தையைக் கவுனி அரிசியிலும் பார்க்கலாம், இது நம் வீட்டுச் சரக்கு என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். கவுனி அரிசி ஊறின தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், கருநீலச் சிவப்பாக இருக்கும். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலமும் பச்சையுமாகப் போகும். நாவல் பழத்தில் இருக்கிற அதே ஆந்தோசயனின் நிறமிதான் கவுனியின் தவிட்டிலும் இருக்கிறது. லீவில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு தடவை செய்துகாட்டினோம், அன்றைக்குக் கவுனி அரிசிப் பொங்கல் கிண்டவே அரிசித் தண்ணீர் மிஞ்சவில்லை.

மிளகாய் சாப்பிட்டால் நிஜமாகவே சூடு ஏறுகிறதா?

நாக்கு சூடாவதில்லை, சூடு என்று மூளை நம்பிவிடுகிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சுட்டால் அலறுவதற்கென்று நரம்பில் ஓர் உணர்வி இருக்கிறது, மிளகாயின் கேப்சைசின் போய் அதே உணர்வியைத் திறந்துவிடும். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிளிக்கும் மற்றப் பறவைகளுக்கும் அந்த உணர்வி கேப்சைசினுக்கு அசையாது, அதனால் மிளகாய்ப் பழத்தை நிம்மதியாகத் தின்று விதையைத் தூர தூரமாகப் போட்டுவிட்டு வரும். காரம் விதையில் இருக்கிறது என்பதும் தப்பு, விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைப் பகுதியில்தான் அதிகம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பதில் பிரயோசனம் இல்லை, தயிரோ மோரோ எடுங்கள்.

செட்டிநாட்டுச் சமையலே மிளகாய்தான் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான்.

கல்பாசி பாசியா, வேரா?

பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற லைக்கன். பாசி வெயிலில் சாப்பாடு தயாரிக்கும், பூஞ்சை வீடும் ஈரமும் கொடுக்கும். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும். பேரில் பாதி சரி.

மண்வாசனையும் கண்மாய் மீனின் சேற்று வாடையும் ஒன்றா?

ஒன்றுதான்! இதை மருந்துக்கடை நண்பன் கொண்டுவந்தான், அந்த வாரம் அவன்தான் ஜெயித்தான். மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிறது. மழைத்துளி காய்ந்த மண்ணில் விழுந்து குமிழியாகத் தெறிக்கும்போது அது காற்றில் ஏறுகிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். முதல் மழை வாசனைக்கு ஒரு பெயரே வைத்து 1964இல் கட்டுரை எழுதினார்கள் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர் (Bear), ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு விஞ்ஞானிகள், பெட்ரிக்கோர் என்று. அதே ஜியோஸ்மின் குளத்துப் பாசியிலிருந்து மீனின் உடம்பில் ஏறினால் சேற்று வாடை. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். கண்மாய்க் கெண்டையைப் புளித் தண்ணீரில் அலசி, புளி கெட்டியாகக் கரைத்துக் குழம்பு வைக்கிற நம் வீட்டுப் பழக்கம் எவ்வளவு கச்சிதம்!

மண்பானைத் தண்ணீர் மழைக்காலத்தில் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை?

பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது மிச்சத் தண்ணீரிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் ஆவியாக சுமார் 580 கலோரி வேண்டும், அதாவது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீரை ஒரு டிகிரி குறைக்கிற அளவு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். வெளியே எண்ணெயோ பெயிண்டோ அடித்த பானை எந்தக் காலத்திலும் குளிராது.

வேட்டங்குடிக்கு வருகிற நாரையின் அலகு ஏன் நடுவில் திறந்திருக்கிறது?

மதுரை – திருப்பத்தூர் சாலையில் இருக்கிற வேட்டங்குடிச் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது, 38.4 ஹெக்டேர்தான். அங்கே வரும் நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை அந்த இடைவெளியில் வைத்து நொறுக்கும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஓட்டை உடைப்பதே இல்லை. கீழலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டுத் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவிக்கொள்ளும், ஓடு முழுசாகக் கிடக்கும்.

பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நாங்கள் போனபோது சத்தம் போட்டுப் பேசிய எங்களை ஒரு சின்னப் பையன் "உஸ்" என்று அடக்கினான். அப்படி அடக்க வேண்டும் என்று அந்த வயசிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுவிடுகிறதாமே?

மூன்று நொடி நின்றுவிட்டுப் போகிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது போனில் வருகிறது. உண்மை இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையம் நொடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் போகிறது, காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு மூன்று நொடிகூட ஆகாது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று நொடி நின்றால் அப்புறம் கிளம்ப முடியாது, விழ வேண்டியதுதான். சனீஸ்வரரைக் கும்பிட இந்தச் சாட்சி தேவையும் இல்லை.

வெள்ளியில் ஒரு நாள் ஒரு வருஷத்தைவிட நீளமா?

தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். ஆம், நீளம்தான். எதிர்த்திசையில் சுற்றுவதால் ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியலுக்கு 117 நாள்.

தினமும் உச்சிவெயிலில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறதா?

இல்லை. நம் ஊர்களில் வருஷத்துக்கு இரண்டே நாள். காரைக்குடி வடக்கே 10 டிகிரி அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும்தான் சூரியன் சரியாக உச்சிக்கு வரும், ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். நேரமும் 12 மணி இல்லை, 12.15. கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே 79க்குச் சற்று முன்னால் இருக்கிறோம்.

போன ஏப்ரலில் ஆச்சி வீட்டு வளவு முற்றத்தில் உலக்கையைப் பூண் கீழே இருக்கும்படி நிறுத்திப் பிடித்துக்கொண்டோம், நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு கொண்டுவந்திருந்தார். 12 மணிக்கு மேற்குப் பக்கம் அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிழல். 12.10க்கு இரண்டு விரல். அப்புறம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது உலக்கையின் அடியில் போய்ச் சுருங்கி, பூணைச் சுற்றி வெறும் வெயில் மட்டும் இருந்தது. முற்றத்துத் தூணுக்கும் நிழல் இல்லை. ஆச்சி இரண்டாங்கட்டிலிருந்து வந்து, குனிந்து, உலக்கையைச் சுற்றிக் கையால் தரையைத் தடவிப் பார்த்தார்கள். "எம்பது வருஷமா இந்த வளவுலதான் வத்தல் காயப்போடுறேன், இதைப் பாக்கலையே" என்றார்கள்.

அடுத்த தடவை வருகிறவர்கள் 12 மணிக்கே வந்துவிடுங்கள். 12.20க்கெல்லாம் ஒரு மீட்டர் கம்புக்குக் கிழக்கே இரண்டு சென்டிமீட்டர் நிழல் எட்டிப்பார்த்துவிடும். உலக்கை இல்லாவிட்டால் ஒரு டம்ளர் போதும்.